மாணவரின் நோட்டும் திரைக்கு வரட்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் வாசகர் கடிதப் பகுதியில், பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவனின் தாய் எழுதியிருந்ததைப் படித்தேன். மழை விடுமுறை நாட்களில் பள்ளி நடத்திய இணையவழிக் கணித வகுப்பை மகனின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். ஆசிரியர் திரையில் ஒவ்வொரு பக்கமாகத் தள்ளிக்கொண்டே போனார், மகன் எல்லாவற்றையும் மணிமணியாக நோட்டில் எழுதிக்கொண்டான், மறுநாள் அதே கணக்கைத் தனியாகப் போடச் சொன்னபோது முதல் வரியிலேயே நின்றுவிட்டான் என்று வருத்தத்தோடு சொல்லியிருந்தார். கணக்கை ஆன்லைனில் கற்றுத்தரவே முடியாது என்று கடிதத்தை முடித்திருந்தார்.

அவர் சொன்ன குறை முழுக்க உண்மை. அவர் வந்து சேர்ந்த முடிவை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. முப்பத்தோரு ஆண்டுகள் அரசு உதவி பெறும் பள்ளியில் கணிதம் கற்பித்து 2022இல் ஓய்வு பெற்றவள் நான். இப்போது ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரைச் சுற்றியுள்ள சிற்றூர்களைச் சேர்ந்த பதினொரு பிள்ளைகளுக்குச் சனி, ஞாயிறு இரவு ஏழு மணிக்குப் போளூரில் என் வீட்டிலிருந்தபடியே இணையவழியில் கணக்குச் சொல்லித் தருகிறேன். கட்டணம் கிடையாது. மலைக்கு வாரந்தோறும் பஸ் ஏறிப் போய்வர என் முழங்கால் இடம் கொடுப்பதில்லை என்பதால் திரைதான் எனக்கு வகுப்பறை. அந்தத் திரையில் எதைக் காட்டினால் பிள்ளைக்குக் கணக்கு வருகிறது, எதைக் காட்டினால் வருவதில்லை என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். அதைச் சொல்லவே இந்தக் கடிதம். சற்று நீண்டுவிட்டால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் பத்தாம் வகுப்புக்கு மீண்டும் திறந்தது 2021 ஜனவரி 19 அன்று. இடையில் பத்து மாதங்கள். கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்டிலேயே தொடங்கியிருந்ததால் ஏதோ ஓர் ஆதரவு இருந்தது. எங்கள் பள்ளியில் கைபேசி வைத்திருந்த பிள்ளைகளுக்கு நாங்களும் வகுப்பு எடுத்தோம். எடுத்தோம் என்றால், யாரோ தயாரித்து அனுப்பிய படவில்லைகளை (ஸ்லைடுகளை) திரையில் பகிர்ந்து வாசித்தோம். நானும் அப்படித்தான் செய்தேன். வண்ண எழுத்துகள், கட்டம் கட்டிய சூத்திரங்கள், ஒரு பக்கத்துக்கு ஒரு கணக்கு. பார்க்கக் குறை சொல்ல முடியாத வகுப்புகள் அவை.

பள்ளி திறந்த முதல் வாரத்தில் ஒரு மாணவனின் நோட்டை வாங்கிப் பார்த்தேன். வகுத்தல் முறையில் பல்லுறுப்புக் கோவையின் வர்க்கமூலம் காணும் கணக்குகள் வரிசையாக இருந்தன. ஓர் அடித்தல் திருத்தல் இல்லை. மகிழ்ச்சியோடு அவனைக் கரும்பலகைக்கு அழைத்து அதில் ஒன்றைப் போடச் சொன்னேன். சாக்பீஸைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றான். பிறகு திரும்பி, "டீச்சர், முதலில் மேலே எழுத வேண்டுமா, பக்கத்திலா?" என்று கேட்டான்.

அந்தக் கேள்வியில்தான் எனக்கு விஷயம் விளங்கியது. நீள்வகுத்தலை நாம் மேலிருந்து கீழாக எழுதுவதில்லை. ஈவின் முதல் உறுப்பு மேலே போகும். அதே உறுப்பு இடப்பக்கம் வகுத்தியாக வரும். இரண்டையும் பெருக்கிக் கீழே எழுதுவோம், குறி மாற்றிக் கழிப்போம், அடுத்த இரண்டு உறுப்புகளை இறக்குவோம். மேலே உள்ளதை இரட்டித்து மறுபடி இடப்பக்கம் போவோம். கை மேலே, பக்கத்தில், கீழே என்று தறியில் ஓடும் நாடா போல ஓடிக்கொண்டே இருக்கும். முடிந்த கணக்கைப் படமாகக் காட்டும்போது இந்த ஓட்டம் மறைந்துவிடுகிறது. அந்தப் பையன் மேல் வரி முழுவதையும் முதலில் எழுதினான், பிறகு இடப்பக்க நிரலை எழுதினான், பிறகு நடுப்பகுதியை நிரப்பினான். கணக்கை ஓவியம் போல் வரைந்து வைத்திருந்தான். குற்றம் அவனுடையதல்ல. நான் அவனுக்குக் காட்டியது ஓவியத்தைத்தான்.

அன்று முதல் இணையவழி வகுப்புகளில் படவில்லைகளை விட்டேன். திரையில் வெற்றுத் தாள் தெரிய வேண்டும், அதில் என் கை எழுத வேண்டும், கணக்கு அவர்கள் கண்முன்னே பிறக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். இதற்கு விலை உயர்ந்த கருவி வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். எழுதுகோலோடு வரும் சிறு எழுதுபலகைகள் கடைகளில் கிடைக்கின்றன. வாங்க முடிந்தவர்கள் வாங்கலாம். நான் வீட்டில் இருந்த பிளாஸ்டிக் ஸ்டூலைக் கொண்டே தொடங்கினேன். அதன் இருக்கையின் நடுவில், தூக்குவதற்கு வசதியாக, ஒரு துளை இருக்கும் அல்லவா? கைபேசியை ஸ்டூலின் மேல் படுக்க வைத்துப் பின்கேமராவை அந்தத் துளைக்கு நேராக நகர்த்தினால் கீழே தரையில் உள்ள தாள் நேராகத் தெரியும். ஸ்டூலின் கால்களுக்கு நடுவே கையை நுழைத்து எழுத வேண்டும். வலக்கையால் எழுதுபவர்கள் விளக்கை இடப்பக்கம் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் கையின் நிழல் எழுதும் இடத்தின்மேலேயே விழும். கோடு போட்ட தாள் கூடாது. தடித்த முனை உள்ள ஸ்கெட்ச் பேனா வேண்டும். பிள்ளைகள் உள்ளங்கை அகலக் கைபேசியில் பார்க்கிறார்கள் என்பதால் ஒரு தாளுக்கு ஆறு வரிக்குமேல் எழுதுவதில்லை.

தரையில் உட்கார முடியாத நாட்களில் மடிக்கணினியில் எழுதுபலகைச் செயலியைத் திறந்து திரையைப் பகிர்வேன். இதில் ஒரு நன்மை உண்டு. அசையாத வெண்பலகையைப் பகிரும்போது, மாறும் இடம் மட்டுமே புதிதாகப் போய்ச் சேர வேண்டியிருப்பதால் டேட்டா குறைவாகவே செலவாகிறது. ஆசிரியரின் முகத்தைக் காட்டும் வீடியோதான் டேட்டாவைத் தின்கிறது. மலையில் சிக்னல் ஒரு கோடுதான் காட்டும். அதனால் வணக்கம் சொல்லும்போது மட்டும் முகத்தைக் காட்டிவிட்டு என் கேமராவை அணைத்துவிடுவேன். பலகையும் குரலும் போதும். நான் பழகியிருந்த ஓர் இலவச எழுதுபலகைச் செயலி 2024 இறுதியோடு நிறுத்தப்பட்டுவிட்டது. அதில் சேர்த்து வைத்திருந்த பக்கங்களை இறக்கி வைக்காமல் விட்டதால் நிறையப் போயிற்று. புதிதாகத் தொடங்கும் ஆசிரியர்களுக்காகச் சொல்கிறேன்: அன்றன்று எழுதிய பலகையை அன்றன்றே படக்கோப்பாக மாற்றி வாட்ஸ்அப்பில் பிள்ளைகளுக்கு அனுப்பிவிடுங்கள். வகுப்புக்கு வர முடியாத பிள்ளைக்கும் அது உதவும்.

வகுப்பு நடத்தும் காணொளிச் செயலியை நான் கட்டணமின்றிப் பயன்படுத்துவதால் நாற்பது நிமிடம் ஆனதும் இணைப்பு துண்டிக்கப்படும். முதலில் அது எரிச்சலாக இருந்தது. இப்போது அதை வகுப்பின் பகுதியாகவே ஆக்கிக்கொண்டோம். முப்பத்தெட்டாவது நிமிடத்தில் ஒரு கணக்கைத் திரையில் எழுதுவேன். இணைப்பு அறுந்து மீண்டும் சேரும் இடைவெளியில் அவர்கள் அதைப் போட்டு முடித்திருக்க வேண்டும். திரும்பி வரும்போது யாரும் சும்மா வருவதில்லை.

திரைப் பகிர்வால் மட்டுமே முடிகிற ஒன்றையும் சொல்ல வேண்டும். 2018 முதல் வந்த நம் புதிய கணிதப் பாடநூல்களில் "இணையச் செயல்பாடு" என்று பக்கங்கள் இருக்கின்றன. பெரும்பாலும், வடிவங்களையும் வரைபடங்களையும் திரையில் வரைந்து நகர்த்திப் பார்க்க உதவும் ஜியோஜீப்ரா மென்பொருளில் செய்தவை. ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்க்கஸ் ஹோஹென்வார்ட்டர் என்பவர் 2001இல் தொடங்கி உருவாக்கியது அது. மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் இலவசம். ஒருமுறை கணினியில் நிறுவிவிட்டால் இணையம் இல்லாமலும் இயங்கும். அந்தப் பக்கத்தை வகுப்பில் திறந்து பார்க்காமலே பத்தாம் வகுப்பைக் கடந்துவிடும் பிள்ளைகளைப் பல ஆண்டுகள் பார்த்திருக்கிறேன். தேர்வில் அதிலிருந்து கேள்வி வராது என்பதுதான் காரணம்.

தொடுகோடு வரையும் கணக்கையே எடுத்துக்கொள்வோம். விட்டம் 6 செ.மீ. உள்ள வட்டம், மையத்திலிருந்து 8 செ.மீ. தொலைவில் ஒரு புள்ளி, அங்கிருந்து இரண்டு தொடுகோடுகள். பொதுத்தேர்வில் செய்முறை வடிவியலுக்கு எட்டு மதிப்பெண் என்பதால் எல்லாரும் இதை மனப்பாடமாக வரைவார்கள். உதவிப்படம் போடுவார்கள், மையக்குத்துக்கோடு போடுவார்கள், நீளம் 7.4 செ.மீ. என்று அளந்து எழுதுவார்கள். ஏன் 7.4 என்று கேட்டால் விழிப்பார்கள். நான் முதலில் ஸ்டூலுக்கு அடியில் காம்பஸ் வைத்து ஒருமுறை வரைந்து காட்டுவேன். காம்பஸின் முள் தாளில் நழுவினால் நழுவியதையும் அவர்கள் பார்க்கட்டும், எங்கே அழுத்த வேண்டும் என்பது அதில்தான் தெரியும். அவர்களும் வரைந்து முடித்த பிறகு ஜியோஜீப்ராவைத் திறந்து அதே படத்தைப் போட்டுத் திரையைப் பகிர்வேன். வெளியே இருக்கும் புள்ளியைப் பிடித்து மெதுவாக வட்டத்தை நோக்கி இழுப்பேன். 8 இருந்த இடம் 7 ஆகும், 6 ஆகும். தொடுகோடுகள் சுருங்கிக்கொண்டே வரும், இரண்டுக்கும் இடையிலான கோணம் விரிந்துகொண்டே போகும். தொலைவு சரியாக 5 ஆகும்போது நிறுத்துவேன். தொடுகோட்டின் நீளம் 4 என்று திரை காட்டும். ஆரம் 3.

சென்ற ஆண்டு அந்த இடத்தில் நான் வாயைத் திறக்கவில்லை. சற்று நேரம் அமைதி. பிறகு எப்போதும் பேசாத ஒரு பையன் மைக்கைத் திறந்து, "3, 4, 5 டீச்சர்! பிதாகரஸ்!" என்றான். அவன் பின்னால் ஆடு கத்தியது எங்கள் எல்லாருக்கும் கேட்டது. உடனே இன்னொருத்தி 64இலிருந்து 9ஐக் கழித்தால் 55, அதன் வர்க்கமூலம்தான் 7.4 என்று கணக்கிட்டுச் சொன்னாள். புள்ளியை இன்னும் உள்ளே இழுத்தேன். வட்டத்தின் மேல் வந்ததும் இரண்டு தொடுகோடுகளும் ஒன்றாகிவிட்டன. உள்ளே போனதும் தொடுகோடே இல்லை. வட்டத்துக்கு உள்ளே இருக்கும் புள்ளியிலிருந்து தொடுகோடு வரைய முடியாது என்ற ஒரு மதிப்பெண் வினாவுக்கு அவர்களில் யாரும் இனிமேல் விடையை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. முப்பத்தோரு ஆண்டுகள் கரும்பலகையில் நான் இதைச் செய்ததில்லை. செய்ய முடியாது. கரும்பலகையில் புள்ளி நகராது.

ஆனால் என் அனுபவத்தில் இதைவிடவும் பெரிய மாற்றம், திரை எதிர்த் திசையில் திரும்பியபோதுதான் வந்தது. அந்தத் தாய்க்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். ஆசிரியரின் திரையை மாணவர் பார்ப்பது பாதி வகுப்பு. மாணவரின் நோட்டை ஆசிரியர் பார்த்தால்தான் மீதியும் வகுப்பாகும்.

நேர் வகுப்பில் நான் ஓரிடத்தில் நின்றதே கிடையாது. பெஞ்சுகளுக்கு நடுவே நடந்துகொண்டே இருப்பேன். தோளுக்கு மேலாக எட்டிப் பார்க்கும்போது எந்த வரியில் பேனா தயங்குகிறது என்று தெரியும். இணையவழி வகுப்பில் இழந்தது அந்த நடையைத்தான். "புரிந்ததா?" என்றால் "புரிந்தது டீச்சர்" என்று பதினொரு பேரும் தட்டச்சு செய்துவிடுவார்கள். அதனால் இப்போது அந்தக் கேள்வியையே கேட்பதில்லை. கணக்கைக் கொடுத்து, விடையைத் தட்டச்சு செய்து வைத்துக்கொண்டு நான் சொன்ன பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் அனுப்பச் சொல்வேன். ஒருவர் விடையை மற்றவர் பார்த்து எழுத வழியிருக்காது. பிறகு ஒவ்வொருவரும் செய்முறையைப் படம் எடுத்து எனக்குத் தனியாக வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும். அடித்த வரிகளோடு அனுப்ப வேண்டும் என்பது கண்டிப்பான விதி. நல்ல நோட்டில் திருத்தி எழுதியதை நான் வாங்குவதில்லை.

போன மாதம் நடந்தது ஒன்றைச் சொல்கிறேன். பாடநூலில் உள்ள வரைபடக் கணக்குதான். ஒய் = எக்ஸ் வர்க்கம் − 4 எக்ஸ் + 3 என்ற வரைபடம் வரைந்து, அதைக் கொண்டு எக்ஸ் வர்க்கம் − 6 எக்ஸ் + 9 = 0 என்ற சமன்பாட்டைத் தீர்க்க வேண்டும். ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் ஒரு நேர்க்கோடு கிடைக்கும். அந்தக் கோடு, முதலில் வரைந்த வளைவான பரவளையத்தைச் சந்திக்கும் இடமே விடை. ஒரு மாணவி அனுப்பிய படத்தில் பரவளையம் அச்சுப் போல இருந்தது. எட்டு, மூன்று, பூச்சியம், கழித்தல் ஒன்று, பூச்சியம், மூன்று, எட்டு என்று ஏழு புள்ளிகளும் சரி. ஆனால் நேர்க்கோடு மேலிருந்து ஏறக்குறையச் செங்குத்தாக வெட்டிக்கொண்டு கீழே பாய்ந்தது. விடை 3 என்று எழுதியிருந்தாள். அவள் படத்தில் கோடு 3 பக்கமே போகவில்லை.

விடையைத் தட்டச்சு செய்து அனுப்பியதோடு விட்டிருந்தால் 3 சரி என்று கடந்து போயிருப்பேன். காரணிப்படுத்தி மனத்துக்குள் விடையைக் கண்டுபிடித்து எழுதிவிட்டாள் என்பது படத்தைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அவளிடம் தனியாகக் கேட்டேன்: "கண்ணு, உன் நோட்டை எல்லாருக்கும் காட்டலாமா? பெயர் தெரியாது." சம்மதித்தாள். பெயரை மறைத்துப் படத்தைத் திரையில் பகிர்ந்து, கழித்தல் செய்த இடத்தை மட்டும் பெரிதாக்கினேன். முதல் உறுப்புக்குக் குறி மாற்றியிருந்தாள், மற்ற இரண்டுக்கும் மாற்றவில்லை. 2 எக்ஸ் − 6 வர வேண்டிய இடத்தில் −10 எக்ஸ் + 12 வந்திருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. அவளுடைய கோட்டையும் பரவளையத்தையும் ஜியோஜீப்ராவில் அப்படியே போட்டேன். கோடு வளைவை ஒன்றேகாலுக்கு அருகில் ஓரிடத்திலும், தாளுக்கு வெளியே −7ஐத் தாண்டி இன்னோரிடத்திலும் வெட்டியது.

"டீச்சர், இரண்டு மூலங்களும் 3 என்றால் கோடு ஒரே இடத்தில் தொட வேண்டும் அல்லவா? இது வெட்டுகிறதே" என்று கேட்டது வேறு யாருமல்ல, அவளேதான். தன் பெயரை மறைத்திருக்கிறோம் என்பதையும் மறந்து, "நான் குறி மாற்றவில்லை டீச்சர்" என்று சொல்லிவிட்டாள். −6 எக்ஸ் இருந்த இடத்தில் குறியை மாற்றினேன். கோடு சட்டென்று எதிர்ப்பக்கமாகச் சாய்ந்தது. +9ஐ மாற்றினேன். கோடு இறங்கி வந்து பரவளையத்தை 3 என்ற இடத்தில் மெல்லத் தொட்டு நின்றது. சம மூலங்கள் என்றால் என்ன என்று நான் அதுவரை மூன்று முறை விளக்கியிருந்தேன். அன்றைக்குத்தான் அவர்கள் அதைக் கண்ணால் பார்த்தார்கள்.

அதே நாள் இன்னொன்றும் காட்டினேன். அதே ஜவ்வாது மலைத் தொடரில்தான் காவலூர் வானாய்வகம் இருக்கிறது. அங்குள்ள வைணு பாப்பு தொலைநோக்கியின் முதன்மைக் கண்ணாடி 2.3 மீட்டர் அகலம். அந்தக் கண்ணாடியை நெடுக்கில் வெட்டிப் பார்த்தால் கிடைக்கும் வளைவும் பரவளையம்தான். அதன் படத்தையும் நாங்கள் வரைந்த வளைவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பகிர்ந்தேன். எட்டு மதிப்பெண்ணுக்காக வரையும் வளைவு தங்கள் மலையிலேயே நட்சத்திர ஒளியைக் குவித்துக்கொண்டிருக்கிறது என்று தெரிந்ததும் அவர்கள் கேட்ட கேள்விகளுக்கு இரண்டாவது நாற்பது நிமிடமும் போதவில்லை.

பிள்ளைகளையே தங்கள் திரையைப் பகிரச் சொல்லலாமே என்று சிலர் கேட்கிறார்கள். நானும் தொடக்கத்தில் அப்படிச் செய்தேன். ஒருமுறை ஒரு பெண் தன் கைபேசித் திரையைப் பகிர்ந்து கணக்கை விளக்கிக்கொண்டிருந்தபோது, கடன் தவணை கட்டாததற்கு மிரட்டலாக ஒரு குறுஞ்செய்தி திரையின் மேல் இறங்கியது. கைபேசி அவள் அப்பாவுடையது. எல்லாரும் படித்துவிட்டார்கள். அவள் பேச்சை நிறுத்திவிட்டு வகுப்பிலிருந்து வெளியேறினாள். அடுத்த இரண்டு வாரம் வரவில்லை. அவள் அம்மாவிடம் பேசி, நான் மன்னிப்புக் கேட்டு அழைத்து வர வேண்டியிருந்தது. அந்தத் தவறு என்னுடையது. ஏழை வீட்டில் கைபேசி ஒன்றுதான் இருக்கும். அதில் குடும்பத்தின் மானமும் சேர்ந்தே இருக்கும். அதன் பிறகு எந்தப் பிள்ளையையும் முழுத் திரையைப் பகிரச் சொல்வதில்லை. நோட்டின் படம் எனக்கு வரும், நான் பகிர்வேன். அவசியம் ஏற்பட்டால் முதலில் அறிவிப்புகள் எல்லாவற்றையும் நிறுத்திவைக்கச் சொல்லித் தருவேன். ஆசிரியர்களுக்கான பயிற்சிகளில் திரையை எப்படிப் பகிர்வது என்று சொல்லித் தருகிறார்கள். எப்போது பகிரச் சொல்லக் கூடாது என்பதையும் சொல்லித் தர வேண்டும்.

இணையவழிக் கணிதம் நேர் வகுப்புக்கு ஈடாகும் என்று நான் சொல்ல வரவில்லை. காம்பஸ் பிடிக்கத் தெரியாத கையைப் பிடித்துத் திருப்பிக் கொடுக்கத் திரையால் முடியாது. அம்மாவின் கைபேசி அம்மாவோடு வேலைக்குப் போய்விட்டால் அன்று அந்தப் பிள்ளைக்கு வகுப்பு இல்லை. பதினொரு பேர் என்பதால் என்னால் பதினொரு நோட்டையும் பார்க்க முடிகிறது. அறுபது பேரை ஒரே இணைப்பில் உட்கார வைத்தால் யார் எடுத்தாலும் அது ஒளிபரப்பாகத்தான் முடியும். மழை விடுமுறையில் இரண்டு மூன்று பிரிவுகளைச் சேர்த்து ஒரே வகுப்பாக நடத்தும் பள்ளிகள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். இணைப்பில் எத்தனை பேர் இருந்தார்கள் என்ற எண்ணிக்கையைப் பதிவேட்டில் எழுதுவதைவிட, எத்தனை நோட்டு ஆசிரியரின் கண்ணில் பட்டது என்று எழுதச் சொன்னால் வகுப்பின் தரம் தானாகத் தெரிந்துவிடும்.

பள்ளிக் கல்வித் துறையின் பார்வைக்கும் ஒரு வேண்டுகோள். அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் உயர்தொழில்நுட்ப ஆய்வகங்கள் இருக்கின்றன. கணினியும் இணைய இணைப்பும் அங்கே உண்டு. கணித ஆசிரியர் பணியிடம் காலியாக இருக்கும் பள்ளிகளில், புதியவர் வரும் வரை பிள்ளைகள் மாதக்கணக்கில் கணக்கே தொடாமல் இருப்பதை என் பணிக்காலத்தில் பலமுறை பார்த்திருக்கிறேன். அந்த மாதங்களில், பக்கத்து ஊர்ப் பள்ளியின் கணித ஆசிரியர் வாரம் இரண்டு பாடவேளை ஆய்வகத் திரை வழியாக அவர்களுக்கும் எடுக்கலாம். என்னைப் போல ஓய்வு பெற்றவர்களை அழைத்தாலும் வருவோம். அங்கே ஒரு கேமராவை மேசையை நோக்கிக் கீழ்முகமாக நிறுத்த ஒரு கம்பி போதும். அந்தக் கேமராவுக்கு அடியில் மாணவர் ஒருவர் உட்கார்ந்து கணக்குப் போடட்டும், ஆசிரியர் தூரத்திலிருந்து பார்த்துத் திருத்தட்டும். அப்போது சொந்தக் கைபேசி இல்லாத பிள்ளையும் வகுப்புக்குள் வந்துவிடும். வீட்டுக் கைபேசியின் குறுஞ்செய்திகளும் யார் கண்ணிலும் படாது.

கடிதம் எழுதிய அந்தத் தாய்க்கு ஒரு வார்த்தை. அம்மா, உங்கள் மகனின் அழகான நோட்டை ஒருபுறம் வையுங்கள். வகுப்பில் பார்த்த கணக்குகளில் ஒன்றைப் புத்தகத்தை மூடிவிட்டு வெற்றுத்தாளில் போடச் சொல்லுங்கள். எங்கே நிற்கிறானோ அங்கேயே நிற்கட்டும். எழுதியதை அடித்துத் திருத்தினால் திருத்தட்டும். அந்தத் தாளைப் படம் எடுத்து அவனுடைய ஆசிரியருக்கு அனுப்பி, "இந்த வரியில் நின்றுவிட்டான்" என்று மட்டும் எழுதுங்கள். கணித ஆசிரியர் யாராக இருந்தாலும் அந்த ஒரு வரியைப் பார்த்தால் அவருக்குச் சொல்லித்தரத் தோன்றும். அரையாண்டுத் தேர்வு முடிந்துவிட்டது, பொதுத்தேர்வுக்கு இன்னும் நாள் இருக்கிறது. வரும் சனிக்கிழமை நான் அளவியலில் கூம்பின் இடைக்கண்டம், அதாவது நுனியை வெட்டிய கூம்பு, தொடங்குகிறேன். ஸ்டூலுக்கு அடியில் வைக்க ஒரு காகிதக் கூம்பும் கத்தரிக்கோலும் எடுத்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை,
போளூர், திருவண்ணாமலை மாவட்டம்.